உங்களுக்குத் தெரியுமா? நாய்க்கும் வரி!

புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸ், தன் நாட்டில் நாய் வளர்த்தவர்களிடம் 1855-ல் போட்ட சட்டப்படி வரி வாங்கியது. செல்ல நாய், வேட்டை நாய்க்கு அதிகம். காவல் நாய்க்குக் குறைவு. மடியில் தூங்கிய குட்டிகளும் ‘காவல்’ கணக்கில் ஏறின! 1954-ல் பிரான்ஸ் இங்கிருந்து கிளம்பியது; அங்கே அந்த வரி 1971 வரை நீடித்தது.

• 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது மாட்டுத் தீவனத்துக்கு வரி இல்லை. பாக்கெட் நாய் உணவுக்கு 18 சதவீதம்.

• புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்காரர்களுக்குக் கரையிலேயே மீன்; செலவு மிச்சம்தான். ஆனால் நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள். மத்தி போன்றவற்றில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் போய்விடும். முள் நீக்குங்கள், உப்பு மசாலா வேண்டாம்.

• ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினம். அரசு கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் அன்று வெறிநோய்த் தடுப்பூசி இலவசம்.