டைமிங் செயினும் வீட்டுச் சிக்கனமும்

கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஆண்டிபட்டி சக்கம்பட்டித் தறிக்கூடங்களுக்கும் சென்று வருகையில், அங்கத்தினர்களின் மோட்டார் சைக்கிள்களில் ஒரே வகை ஓசையை நாம் அடிக்கடி கேட்கிறோம். காலையில் கிளப்பியவுடன் இயந்திரத்தின் இடப்புறத்திலிருந்து கரகரவென்று எழும் ஓசை அது. பலர் பின்சக்கரச் சங்கிலிதான் காரணமென்று எண்ணி அதற்கு எண்ணெய் விடுகின்றனர். ஓசை எழுவதோ பெரும்பாலும் இயந்திரத்தின் உள்ளே ஓடும் டைமிங் செயினில்.

விசைத்தறி வைத்திருப்போருக்கு அதன் வேலை உடனே விளங்கும். தறியின் மேல்தண்டு இருமுறை சுற்றினால் கீழ்த்தண்டு ஒருமுறை சுற்றும். அக்கணக்குத் தவறினால் பாவு இழைகள் விலகுமுன்பே நாடா பாய்ந்து இழையை அறுத்துவிடும். இயந்திரத்திலும் கிராங்க் இருமுறை சுற்ற, வால்வுகளைத் திறக்கும் கேம் ஒருமுறை சுற்றுகிறது. இவ்விரண்டையும் இணைப்பதே இச்சங்கிலி.

எல்லா வண்டிகளிலும் இது கிடையாது. புல்லுக்கட்டுச் சுமக்கும் பழைய டி.வி.எஸ். 50, டூ ஸ்ட்ரோக் இயந்திரமாதலால் அதில் இவ்வகை வால்வுகளே இல்லை. பழைய வார்ப்பிரும்புப் புல்லட்டில் சங்கிலிக்குப் பதில் பற்சக்கரங்கள். 1994-இல் வெளிவந்த ஸ்ப்ளெண்டரில் சங்கிலி உண்டு. ஏலத்தோட்டங்களுக்காகக் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறியிறங்கும் வண்டிகளில் ஆயில் குறைந்தால் சங்கிலியின் கண்ணிகள் தேய்ந்து நீளும். ஆகவே முதலில் ஆயில் அளவைப் பாருங்கள், அதற்குச் செலவில்லை.

ஸ்ப்ளெண்டரில் மாற்றுவதானால் ஆயிலை வடித்து, பிளக்கைக் கழற்றி, இடப்பக்க மூடியைத் திறக்க வேண்டும். மேக்னெட்டைப் புல்லர் கொண்டே எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் மேக்னெட்டும் கிராங்க் தண்டும் கெட்டு, மிச்சப்படுத்திய கூலியைப் போல் பன்மடங்கு போய்விடும். புல்லர் எப்போதோ ஒருமுறை தேவைப்படுவது. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

புதுச் சங்கிலியை உள்ளே விட்டபின் மேக்னெட்டைத் தற்காலிகமாக மாட்டி, அதிலுள்ள ‘டி’ எழுத்தை இயந்திரக் கூட்டின் குறிக்கு நேராக நிறுத்துங்கள். அந்நிலை அசையாமல், கேம் பற்சக்கரத்தின் வட்டக் குறி தலைப்பகுதியின் வெட்டுக்கு நேர்ப்படுமாறு பூட்டுங்கள். ஒரு பல் பிசகினாலும் வண்டி கிளம்பாது முரண்டும். கிளம்பினாலும் மேடு ஏறாது. பிளக் மாட்டுமுன் கையால் இருமுறை முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் ஒன்றுகூடுகின்றனவா என்று பார்த்த பின்னரே உதைக்கலாம். நாம் முதன்முறை இதைச் செய்தபோது அவசரப்பட்டு உதைத்துவிட்டு, மறுபடி அத்தனையும் கழற்றினோம். அந்த ஞாயிறு முழுவதும் அதிலேயே போயிற்று.

மற்றொரு தவறும் நம்முடையதே. சங்கிலியை மட்டும் வாங்கி, தேய்ந்த ரப்பர் ரோலர்களையும் பற்சக்கரத்தையும் அப்படியே விட்டோம். சில மாதங்களில் பழைய ஓசை திரும்பிற்று. கூலியை மிச்சப்படுத்தலாம்; உதிரிப்பாகத்தில் மிச்சம் பிடிக்கலாகாது. கேம் பற்சக்கரம், ரோலர்கள், சங்கிலி மூன்றையும் ஒரே தொகுதியாக மாற்றுவதே சரி. ஆனால் கிராங்கிலுள்ள சிறு பற்சக்கரத்தின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருக்கக் கண்டால், அத்துடன் நிறுத்திவிட்டு வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிச் செல்லுங்கள். அதை மாற்ற இயந்திரத்தையே பிரிக்க வேண்டும். அது வீட்டுத் திண்ணையில் ஆகிற காரியமன்று.