புல்லும் புழுக்கையும்: புதிய முயலின் முதல் இரண்டு வாரங்கள்

முயலைத் தத்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவரும் முதல் இரவில், அது எங்கே சிறுநீர் கழித்து வைக்குமோ என்றுதான் பலரும் கவலைப்படுகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, அது சாப்பிட்டதா என்பது. புதிய இடத்துக்கு வந்த நாய் ஒரு வேளை சாப்பாட்டை ஒதுக்கினால் பொறுத்துப் பார்க்கலாம். முயல் ஏறக்குறைய 12 மணி நேரம் எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

காரணம் அதன் குடலில் இருக்கிறது. முயல் மாட்டைப்போல் அசைபோடுவதில்லை. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் உள்ள குருட்டுக்குடல்தான் அதன் நொதித்தொட்டி. வயிற்றைவிடப் பெரிய அந்தப் பையில் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. தின்ற புல்லைப் பெருங்குடல் சல்லடைபோலப் பிரிக்கிறது. முரட்டு நார் உலர்ந்த உருண்டைப் புழுக்கையாக வெளியேற, நுண்துகள்கள் மட்டும் குருட்டுக்குடலுக்குத் திரும்புகின்றன. அங்கே நொதித்தவை, சிறு திராட்சைக் கொத்துபோல் ஒட்டிய மென்புழுக்கையாக வெளிவரும். முயல் குனிந்து அதை நேராக வாயில் எடுத்து விழுங்கிவிடும். பார்க்க அருவருப்பாக இருக்கலாம்; ஆனால் தடுக்காதீர்கள். அதில் புரதமும் பி வகை வைட்டமின்களும் உள்ளன.

இந்த ஏற்பாடு முழுவதையும் நகர்த்துவது முரட்டு நார். பயம், வலி, திடீர் உணவு மாற்றம் ஆகியவற்றில் எது வந்தாலும் குடலின் அசைவு மந்தமாகும், வாயு சேரும், வலிக்கும். வலித்தால் முயல் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

ஆகவே முயலை வாங்கும்போதே, அது இதுவரை தின்ற அதே பெல்லட் தீவனத்தில் இரண்டு வாரத்துக்கானதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது மட்டமான தீவனம் என்று தோன்றினாலும் முதல் சில நாள்களுக்கு அதையே கொடுங்கள். பிறகு முக்கால் பங்கு பழையதுடன் கால் பங்கு புதியதைக் கலந்து, 10 முதல் 14 நாள்களில் மெல்ல மாற்றலாம். வளர்ந்த முயலுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் பெல்லட் போதும். கிண்ணத்தை நிரப்பி வைப்பது அன்பு அல்ல. பெல்லட்டில் வயிறு நிறைந்தால் முயல் புல்லைத் தொடாது.

புல் என்று இங்கே சொல்வது உலர்புல்லை. நெல் அறுத்தபின் மிஞ்சும் வைக்கோல் வேறு. அதில் சத்து குறைவு. வளர்ந்த முயலுக்குத் தீமோத்தி போன்ற உலர்புல் எந்நேரமும் இருக்க வேண்டும், தினமும் அதன் உடம்பளவு ஒரு குவியல். வாழ்நாள் முழுதும் வளரும் பற்கள் தேய்வதும் இதை மெல்லுவதால்தான். அல்ஃபால்ஃபா குட்டிகளுக்கு ஏற்றது. அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம். முயல் மிகுதியானதைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுவதால், பெரிய முயலுக்குத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீர்ப்பையில் மணலும் கல்லும் சேரும் அபாயம் உண்டு.

கீரை வகைகளை முதல் வாரம் தவிர்க்கலாம், முன்பே தின்று பழகியிருந்தால் ஒழிய. பிறகு கொத்தமல்லி, புதினா, சாய்சிம் என்று ஒரு நேரத்தில் ஒன்றாக, ஓரிரு இலை கொடுத்து ஒரு நாள் கவனியுங்கள். கேரட்டில் சர்க்கரை அதிகம். அதை முயலின் உணவாக்கியது கேலிச்சித்திரப் படங்கள்தான். சோறு, ரொட்டி, பிஸ்கட் வேண்டவே வேண்டாம்.

இனி கழிவுத் தட்டு. காட்டு முயல்கள் வளைக்கருகே குறிப்பிட்ட சில இடங்களிலேயே புழுக்கை போட்டுத் தம் எல்லையைக் காட்டும். அந்தப் பழக்கம் வீட்டு முயலுக்கும் உண்டு. நாம் அதற்கு இடம் கொடுத்தால் போதும். இன்னொன்று, முயல் தின்றுகொண்டே கழிக்கும். எனவே பூனைக்கு விற்கும் அகலமான தட்டை வாங்கி, உலர்புல்லை அதன் ஒரு முனையிலேயே வையுங்கள். இதுதான் பாதிப் பயிற்சி. அடியில் காகிதத்தாலான துகள்கள் போதும். நீர் பட்டால் கட்டியாகும் பூனை மணலை முயல் தின்றுவிட்டால் குடல் அடைபடும்.

முதலில் முயலைச் சிறிய வேலிக்குள் வைத்து, அது தேர்ந்தெடுக்கும் மூலைக்குத் தட்டை நகர்த்துங்கள். உங்களுக்குப் பிடித்த மூலைக்கு முயலை நகர்த்த முயன்றால் தோற்பது நீங்கள்தான். வெளியே போட்ட புழுக்கையையும் சிறுநீரைத் துடைத்த காகிதத்தையும் தட்டில் போடுங்கள், வாசனை வழிகாட்டும். தரையில் விழுந்த சிறுநீர்க் கறையை வெள்ளை வினிகரால் துடைக்கலாம். அதட்டாதீர்கள். அதட்டினால் முயல் கற்றுக்கொள்வது உங்களைக் கண்டு ஓடுவதை மட்டுமே. வீவக வீட்டின் வழுக்கும் தரைக்குப் பயந்தே சில முயல்கள் தட்டுவரை போவதில்லை. பாய் விரித்தால் தீர்ந்தது.

நான்கு முதல் ஆறு மாதத்தில், பழகிய முயலும் திடீரென்று எங்கும் கழிக்கத் தொடங்கலாம். அது பிடிவாதம் அல்ல, ஹார்மோன். கருத்தடைச் சிகிச்சைக்குப்பின் சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கும். பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அதிகம் வருவதால், அவற்றுக்கு இந்தச் சிகிச்சை அவசியம் என்றே சொல்வேன்.

நம் ஊர் ஈரக்காற்றில் உலர்புல் எளிதில் பூஞ்சை பிடிக்கும். சிறிது சிறிதாக வாங்குங்கள். புழுக்க வாடை அடித்தால் மொத்தத்தையும் எறிந்துவிடுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயலைப் பார்ப்பதில்லை என்பதால், பார்க்கும் ஒருவரின் எண்ணை முதல் நாளே குறித்து வைப்பது நல்லது. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். அமாக்சிசிலின் போன்ற மருந்தை வாய்வழி கொடுத்தால் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறக்கக்கூடும்.

தினமும் காலையில் தட்டைக் கொட்டுமுன் ஒரு பார்வை பாருங்கள். நலமான முயல் நாளொன்றுக்கு 200 முதல் 300 புழுக்கை போடும். எல்லாம் ஒரே அளவாக, உலர்ந்து, பிட்டால் புல்லின் நார் தெரிந்தால் சரி. மென்புழுக்கை தின்னப்படாமல் கிடந்தால் பெல்லட்டைக் குறையுங்கள். முடியிழையில் மணிமாலைபோல் கோத்திருந்தால் முயலைச் சீவிவிட்டு, உலர்புல்லைக் கூடுதலாக வையுங்கள். சுருங்கி, எண்ணிக்கையும் குறைந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள்.