திருப்பிச் சொல்ல முடியாத சொல்

தோழர்களே, இந்த நினைவுப் பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியதுபோலத் தோன்றும். பெண்களை எந்தச் சொல்லால் கூப்பிடுகிறார்கள், அது எந்தத் தொனியில் வந்து விழுகிறது என்பதே அது. தமிழ் இலக்கணம் கூப்பிடுவதை எட்டாம் வேற்றுமையாக வைத்திருக்கிறது. தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே உண்டு. எந்தப் பெயர் விளிக்கும்போது எப்படித் திரியும் என்று அது சொல்கிறது. ஊர்க்காரர் சேரிப் பெண்ணை எப்படிக் கூப்பிடுவது என்பதைத் தெருதான் தீர்மானித்து வந்திருக்கிறது.

'டி' என்ற ஓரெழுத்தை எடுத்துக்கொள்வோம். நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்கள் ஒருவரையொருவர் 'வாடி', 'என்னடி' என்கிறார்கள். நெல்லைப் பக்கம் 'ஏட்டி', இன்னும் சில ஊர்களில் 'ஏ புள்ள'. தாய் மகளைச் சொல்கிறாள், தோழி தோழியைச் சொல்கிறாள். சேர்ந்து வேலை செய்து பழகிவிட்டால் வயதில் இளையவளும் ஒருநாள் மூத்தவளைப் பார்த்து 'அட போடி' என்று சொல்லிவிடுவாள். வயலே சிரிக்கும். இங்கே அந்தச் சொல் உரிமை.

வரப்பில் நிற்கும் நிலக்காரர் அதே 'டி'யைச் சொல்லும்போது அகராதிப் பொருள் மாறுவதில்லை. திருப்பிச் சொல்ல முடியாது என்பது ஒன்றுதான் மாறுகிறது. 'ஏண்டி, இன்னும் முடியலையா?' என்று அவர் கேட்டால் 'இதோ ஆச்சுங்க சாமி' என்றுதான் அவள் சொல்லியாக வேண்டும். தொனியை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் நமக்குக் கிடைக்கவில்லை. குரல் கடுமையா மென்மையா என்பது இரண்டாம் பட்சம். சிரித்துக்கொண்டே வாஞ்சையாகச் சொல்லும் நிலக்காரரும் உண்டு. அந்த வாஞ்சை உண்மையாகவே இருக்கலாம். அவளால் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது என்பதும் உண்மை.

பாமா 'கருக்கு' நூலில் (1992) இதை எழுதியிருக்கிறார். நாயக்கர் வீட்டில் வேலை செய்யும் பாட்டியை நேற்றுப் பிறந்த பிள்ளைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடும். பாட்டி அந்தப் பிள்ளையை 'அய்யா' என்பார். தமிழில் வயதுக்குத் தரும் மரியாதை பற்றி நாம் நிறையப் பெருமை பேசுகிறோம். சாதி குறுக்கே வந்தால் எழுபது வயதும் ஏழு வயதும் இடம் மாறிக்கொள்கின்றன.

பெயரை வெட்டுவது இன்னொரு வழி. காளியம்மாள் ஊருக்குள் போனால் 'காளி' ஆகிறார், முனியம்மாள் 'முனி' ஆகிறார். போய்விடுவது 'அம்மாள்' என்ற மரியாதைப் பாதி. குடும்ப அட்டையிலும் நூறு நாள் வேலை அட்டையிலும் முழுப்பெயர் எழுதியிருக்கும். வருகைப் பதிவின்போது 'காளியம்மாள்' என்று முழுதாகப் படித்தால் 'அட, யாருடா அது?' என்று பக்கத்தில் உள்ளவர்களே சிரிப்பதுண்டு. முழுப்பெயர் அவ்வளவு அந்நியமாக்கப்பட்டிருக்கிறது.

நம் தெருவிலும் பட்டப்பெயர்கள் உண்டு. 'கருக்கு' நூலின் தொடக்கப் பகுதியிலேயே பாமா தம் தெருக்காரர்களின் பட்டப்பெயர்களைச் சிரிப்போடு சொல்லிக்கொண்டு போகிறார். அந்தச் சிரிப்பில் எல்லோரும் எல்லோருக்கும் பெயர் வைக்கிறார்கள், அதனால் கணக்கு நேராகிவிடுகிறது. ஆனாலும் எல்லாப் பட்டப்பெயரையும் இந்தக் கணக்கில் சேர்க்க நமக்கு மனமில்லை. கணவனை விட்டு வந்தவளை 'வாழாவெட்டி' என்றும் பிள்ளை இல்லாதவளை 'மலடி' என்றும் சொல்வது நம் தெருவிலும் நடக்கிறது. அவற்றுக்கு இணையாக ஆணைச் சொல்ல ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். அவள் எதைத் திருப்பிச் சொல்வாள்? வீட்டுக்குள் 'ஏண்டி'க்கு 'என்னங்க' என்று பதில் வருவதும் இதே கதைதான். வரப்பில் நாம் கண்டிப்பதை வாசற்படிக்கு உள்ளே விட்டுவைத்திருக்கிறோம்.

இயக்கம் பெண்களைக் கூப்பிடும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஆண்கள் நமக்குத் தலைவர், தோழர், அண்ணன். பெண்கள் பெரும்பாலும் அன்னை. மீனாம்பாள் சிவராஜும் நமக்கு 'அன்னை'தான். ரமாபாய் அம்பேத்கரை 'மாதா' என்கிறோம், மராத்தியில் 'ரமாய்' என்கிறார்கள். அம்பேத்கர் அவரை 'ராமு' என்று அழைத்தார். ரமாபாய் 1935-இல் இறந்தார். 1940-இல் வெளிவந்த, பாகிஸ்தான் கோரிக்கை பற்றிய தம் நூலை அம்பேத்கர் அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கியபோது, அந்தப் பக்கத்தில் அச்சிட்ட பெயர் 'ராமு'. ஓர் அரசியல் நூலின் முகப்பில் வீட்டுக்குள் புழங்கிய பெயர்! அவர் இவரை 'சாகேப்' என்றே அழைத்தார், ஆகவே அங்கேயும் சொல் சமமாகத் திரும்பவில்லை. ஆனாலும் 'ராமு'வில் பசியும் நோயும் தாங்கிய ஒரு பெண் தெரிகிறாள். 'மாதா'வில் படம்தான் தெரிகிறது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லி வசைபாடுவது பிரிவு 3(1)(s)-இன் கீழ் குற்றம். அப்படிப்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கோடு வேண்டுமென்றே அவமதிப்பது 3(1)(r). பெண்ணை நோக்கிப் பாலியல் தன்மையுள்ள சொல்லைப் பயன்படுத்துவது 3(1)(w). ஒரு சொல்லின் பழைய மூலப்பொருளைப் பார்க்கக் கூடாது, இன்று எந்தப் பொருளில் வழங்குகிறது என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றமே 2008-இல் ஸ்வரண் சிங் வழக்கில் சொன்னது. தொனி சட்டத்துக்கு வெளியே உள்ள விஷயம் இல்லை.

ஆனால் நம் மனுக்களில் தொனி காணாமல் போகிறது. 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த அம்மாவுக்கு வாய் கூசும், எழுதுகிற மாணவருக்குக் கை கூசும். கூச்சம் நியாயமானதுதான், ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு வழக்கு நிற்காது. அடுத்த முறை மனு எழுத உட்காரும்போது, சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே, 'டி'யோடு சேர்த்து மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். சொன்னவர் வயது, கேட்டவர் வயது, எந்த இடம், பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். அவரை இந்த அம்மா வழக்கமாக எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டு, அதையும் அடுத்த வரியில் எழுதுங்கள்.