நிலவாகை

நம் இராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரி நிலங்களில், ஆடு கடிக்காது என்ற தைரியத்தில் வேலியின்றி விதைக்கப்படும் செடி நிலவாகை. வியாபாரிகள் இதையும் அவுரி என்பர். நீலச்சாயம் தரும் அவுரி வேறு. உலகச் சந்தையில் இதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்று பெயர். பூர்வீகமோ அரேபியாவும் வடகிழக்கு ஆப்பிரிக்காவும்!

சீன மருத்துவத்தில் இதன் பெயர் 'ஃபான் சியே யே'. அயல்நாட்டுப் பேதி இலை என்று பொருள். கசப்பும் குளிர்ச்சியும் உடையது, பெருங்குடலின் வெப்பத்தைப் போக்குவது என்பது அவர்கள் கணக்கு. சில கிராம் இலையை வெந்நீரில் ஊறவைத்து, மலச்சிக்கலுக்குத் தேநீர்போல் அருந்துவர். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை.

என் அப்பத்தா ஓரிரவு இதைக் குடித்தார். இரண்டு மணி நேரமாகியும் பலனில்லையென்று மீண்டும் குடித்து, மறுநாள் முழுதும் எழ மாட்டாமல் கிடந்தார். காரணம், வேதியியல் படித்த பின்பே எனக்கு விளங்கியது. இலையிலுள்ள சென்னோசைடு சிறுகுடலைச் சிதையாமல் கடக்கிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்த பிறகே வேலை செய்கிறது. அதற்கு 6 முதல் 12 மணி நேரமாகும். நாள்தோறும் குடித்து வந்தால் உடலில் பொட்டாசியம் குறையும்.

இதை அப்பத்தாவிடம் சொன்னேன். "அப்ப அது விடியத்தான் வேலை செய்யுமாக்கும். இத முன்னாலயே சொல்றதுக்கென்னடா?" என்றார்.