கப்பலே கதை சொல்லுது! முதல் நாவலுக்கே 3 பரிசு

நாமக்கல்லில் பாடி கட்டிய லாரி ஒன்று வாய் திறந்து கதை சொன்னால் எப்படி இருக்கும்? விண்வெளிக் கப்பலையே அப்படிப் பேசவிட்டு, விமர்சகர்களை அசத்தினார் அமெரிக்கப் பெண்மணி ஆன் லெக்கி.

நாவலின் பெயர் "ஆன்சிலரி ஜஸ்டிஸ்". ஏராளமான உடம்புகளை ஆட்டிவைத்த கப்பல் அழிந்துபோகிறது. மிச்சம் ஒரே ஒரு உடம்பு. அதை வைத்துக்கொண்டு பேரரசரைப் பழிவாங்கக் கிளம்புது. அவருக்கோ உடம்பு பல ஆயிரம்!

ஓட்டலில் பரிமாறியவர், நிலம் அளக்கிற குழுவில் கோல் பிடித்தவர் லெக்கி. கைக்குழந்தைகளோடு வீட்டில் இருந்த காலத்தில், 2002-ல் எழுதத் தொடங்கினார். புத்தகம் வந்தது 2013-ல். அப்போது வயசு 47!

2014-ல் ஹியூகோ, நெபுலா, ஆர்தர் சி.கிளார்க் மூன்று பரிசும் அதற்கே. ஒரே நாவல் மூன்றையும் தட்டிச் சென்றது அதுதான் முதல் தடவை.

ஆண், பெண் யாரானாலும் கதையில் "அவள்"தான். ஆங்கில வாசகர்கள் திண்டாடினார்களாம். எல்லோரையும் "அவுங்க" என்றே சொல்லிப் பழகிய சேலத்துக்காரருக்கு அதில் என்ன கஷ்டம்?