மதிப்பெண் பட்டியலில் வராத அரியர்



அரியர் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முதல் செமஸ்டர் கணிதத்தைக் கோட்டை விட்டவன் ஆறாவது செமஸ்டர் வரை அதைச் சுமந்துகொண்டு அலைவதை விடுதியில் தினமும் பார்க்கிறோம். ஆனாலும் நமக்கு ஒரு வசதி உண்டு. எந்தப் பாடத்தில் அரியர், மொத்தம் எத்தனை என்று மதிப்பெண் பட்டியல் சொல்லிவிடும். பணம் கட்டி மறுபடி எழுதலாம்.

பக்கத்துத் தெருவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையனுக்கும் அரியர் இருக்கலாம். ஒன்றாம் வகுப்பில் விட்டுப்போன எழுத்து, இரண்டாம் வகுப்பில் விட்டுப்போன கழித்தல். அவனுக்குப் பட்டியல் கிடையாது. தொடக்கப் பள்ளியில் யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்லதுதான், 'ஃபெயில்' என்ற ஒரு வார்த்தையால் படிப்பையே விட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பாக்கி பாக்கியாகவே நிற்கிறது. வருடா வருடம் வட்டி வேறு ஏறுகிறது. அந்தப் பாக்கியைக் கண்டுபிடித்துத் தீர்ப்பதுதான் மாலை நேர வகுப்பின் வேலை.

நம்மால் முடியுமா?

"நாமே தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்றோம், நாம போய்ப் பாடம் நடத்துறதா?" என்று கேட்கிறீர்களா? நடத்தலாம். 2001 முதல் 2003 வரை மும்பை, வதோதரா நகரங்களின் பள்ளிகளில் 'பால்சகி' என்ற திட்டம் ஆய்வு செய்யப்பட்டது. பால்சகி என்றால் குழந்தையின் தோழி. பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண்கள், மூன்று, நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படையைச் சொல்லித் தந்தார்கள். பிள்ளைகள் முன்னேறினார்கள், கடைசி இடத்தில் இருந்தவர்களே அதிகம் பயன் பெற்றார்கள். இந்த ஆய்வை நடத்தியவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் பின்னால் 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் ஊர்க் கதையும் இதுதான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பாடம் சொன்னவர்கள் சாதாரணத் தொண்டர்களே. கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபின் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஐந்தாம் வகுப்பு வரை சொல்லித்தரக் கேட்ட தகுதி பிளஸ் டூதான். பெரிய படிப்பு வேண்டாம். பொறுமையும் முறையும் வேண்டும்.

முதல் நாள் பாடம் நடத்தாதீர்கள்

நாங்கள் செய்த முதல் தவறு இதுதான். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து நடத்த ஆரம்பித்துவிட்டோம். ஒரு பையன் கடகடவென்று வாசித்தான். எங்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்! விளையாட்டாக ஒரு வரியின் நடுவில் விரல் வைத்து, "இது என்ன சொல், தம்பி?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகுதான் தெரிந்தது, பாடம் முழுக்க மனப்பாடம். காது கேட்டதை வாய் சொன்னது, கண் எதையும் படிக்கவில்லை. ஐந்து வருடமாக அதை மறைத்து வைப்பதற்கே அந்தப் பிள்ளை எவ்வளவு உழைத்திருப்பான்!

அதனால் முதல் நாள் சோதித்துப் பாருங்கள். தனித்தனி எழுத்து, சிறு சொல், எளிய பத்தி, சிறு கதை என்று படிப்படியாகக் கொடுங்கள். கணக்கில் ஒற்றை இலக்க எண், இரட்டை இலக்க எண், கடன் வாங்கும் கழித்தல், வகுத்தல். எந்தப் படியில் நிற்கிறானோ அங்கிருந்துதான் பாடம். வகுப்பு எதுவானாலும் சரி, ஒரே படியில் நிற்பவர்களைச் சேர்த்து உட்கார வையுங்கள்.

எழுத்தும் எண்ணும்

தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்தாதீர்கள். பெரும்பகுதி, 18 மெய்களோடு உயிர்க்குறிகள் சேர்வதுதான். சிக்கல் எங்கே? 'கொ' என்ற எழுத்தில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. குழந்தை அதைக் 'கெ', 'கா' என்று பிரித்துப் படிக்கும். 'கு, சு, டு, மு' வரிசையில் குறி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி மாறுகிறது. ஆகவே கா, கி போன்ற எளிதானவற்றில் தொடங்கி, தெரிந்த எழுத்துகளை வைத்தே சொல் ஆக்குங்கள். 'காடி, மாமி, பாடி' என்று படித்த அன்றே பிள்ளையின் முகம் மாறிவிடும்.

கணக்குக்கு வருவோம். 52-இல் 17 போனால் எவ்வளவு? பலர் 45 என்று எழுதுவார்கள். 'தப்பு' என்று சிவப்பு மையால் அடிக்காதீர்கள். "எப்படிப் போட்டே?" என்று கேளுங்கள். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ஒண்ணு போனா நாலு" என்பான். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்ற விதியை ஒழுங்காகத்தான் பின்பற்றியிருக்கிறான்! இடமதிப்புதான் புரியவில்லை.

துடைப்பக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, "பதினேழு குச்சி எனக்குக் கொடு" என்று கேளுங்கள். உதிரி போதாது. அவனே ஒரு கட்டைப் பிரிப்பான். பன்னிரண்டு உதிரியில் ஏழு போக ஐந்து. மீதி நான்கு கட்டில் ஒன்று போக மூன்று. விடை 35. 'கடன் வாங்குதல்' என்பது ஒரு கட்டைப் பிரிப்பது என்று கைக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் மறக்காது.

பாதியில் விடாதீர்கள்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். செமஸ்டர் தேர்வு வந்ததும் நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டோம். மூன்று வாரம் கழித்துப் போனால் அந்தப் பையன் வரவில்லை. "நீங்க வருவீங்கன்னு தினமும் வந்து படியில உட்கார்ந்திருந்தான், அண்ணா. அப்புறம் வரலை" என்றாள் பக்கத்து வீட்டுச் சிறுமி. அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். திரும்ப வர இரண்டு வாரம் ஆனது. நடுவிரல் வைத்த நாளில் குனிந்த அதே தலை. இந்த முறை குனிய வைத்தது நாங்கள்.

ஆகவே ஒரு குழுவுக்கு இரண்டு பேராவது சேருங்கள். ஒருவருக்குப் பிராக்டிகல் என்றால் மற்றவர் போகட்டும். வாரம் ஆறு நாள் என்று வீராப்பாக ஆரம்பிக்காமல், மூன்று நாள் என்று சொல்லி மூன்று நாளும் போங்கள். தேர்வு விடுமுறை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தலைமை ஆசிரியரிடம் கேட்டு, பெற்றோருக்குத் தெரிவித்து, நாலு பேர் பார்க்கும் இடத்தில் வகுப்பை வையுங்கள். வீட்டுப் பாடத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். 'மக்கு' என்ற சொல் உங்கள் வாயில் வரவே கூடாது.

நண்பர்களே! நம் அரியரை நாம் எழுதித் தீர்த்துக்கொள்வோம். பட்டியலில் வராத அரியரைச் சுமக்கும் தம்பி தங்கைகளுக்கு, அது எங்கே இருக்கிறது என்று காட்டவாவது ஓர் அண்ணனோ அக்காவோ வேண்டாமா? வரும் கல்வியாண்டில் மாலை ஐந்தரைக்கு வகுப்பு. குச்சிக் கட்டுகள் தயாராக இருக்கின்றன. வாருங்கள்!