உள்ளிருந்து தெரியும், வெளியிலிருந்து தெரியாது: ஏன்?

பேராக் மாநிலத்தின் பாகான் செராய் வட்டாரத்துப் பழைய மலாய்க் கம்பத்து வீடுகளில், கதவு சன்னலுக்கு மேலே பூவும் கொடியுமாகத் துளைத்துச் செதுக்கிய பலகையைப் பார்க்கலாம். 'தெபுக் தெம்புஸ்' என்பார்கள். அழகுக்கு மட்டும் என்றால் இத்தனை ஓட்டை எதற்கு?

சூடான காற்று லேசானது, மேலே ஏறும். உயரத்தில் துளை இருந்தால் வெளியேறிவிடும். சன்னல் வழியாகவும் தரைப்பலகை இடுக்கு வழியாகவும் புதுக்காற்று உள்ளே வரும். 1926இல் ஆணியில்லாமல் கட்டிய கோலகங்சார் இஸ்தானா கெனாங்கான் அரண்மனையில் சுவரே மூங்கில் பின்னல்தான்.

கெய்ரோவின் மஷ்ரபியா சன்னல் வேறு ரகம். மரத்தட்டியை ஒட்டி மண் கூஜாவில் முன்பு தண்ணீர் வைப்பார்கள். வறண்ட காற்றில் நீர் ஆவியாகிக் குளிர்விக்கும். பேராக்கின் புழுக்கத்தில் அந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. சின்னத் துளையில் நுழைந்தாலே காற்று குளிர்ந்துவிடும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், நம்பாதீர்கள். வேகம் கூடலாம், வெப்பம் குறையாது. காற்று உடம்பில் பட்டு வியர்வை உலர்வதால்தான் சில்லென்கிறது.

சரி, மறைப்பு? கண் எப்போதும் வெளிச்சமான பக்கத்துக்கே பழகிக்கொள்ளும். வெயில் பட்ட மரச்சட்டம் பளீரென்று நிற்க, பின்னாலுள்ள இருட்டறை தெருவில் நிற்பவருக்குப் புலப்படாது. உள்ளே இருப்பவருக்கோ தெரு துல்லியமாகத் தெரியும். இரவில் விளக்கைப் போட்டால் எல்லாம் தலைகீழ். திரைச்சீலையை இழுத்துவிட வேண்டியதுதான்.